மறைப்பதற்கென்றே பிறந்தவர்கள்

உலகத்தில் பார்ப்பவர்கள், பார்க்காதவர்கள் என்று இரண்டே வகைதான் உண்டு என நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், வாசகரே, மூன்றாவதாக ஓர் இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இவர்கள் தாங்களும் பார்க்க மாட்டார்கள், பிறரையும் பார்க்க விடமாட்டார்கள். எதைப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் ஊரைக் கூட்டிச் சொல்வார்கள். மறைப்பவர்கள் என்று பெயர்.

பேருந்தில் ஒரு பெண்ணின் ரவிக்கை ஊக்கு அவிழ்ந்திருந்தால், நாலு இருக்கை பின்னாலிருந்து "தங்கச்சி, முதுகு! முதுகு!" என்று கூவி, சிவனே என்று கைப்பேசியில் மூழ்கியிருந்த அத்தனை பேரையும் திரும்பிப் பார்க்க வைப்பவர் இவர்தான். மகளுக்கு நாப்கின் வாங்கி, அதைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பைக்குள் திணித்து, வெடிகுண்டு கொண்டுபோகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடந்து, தெருவையே சந்தேகப்பட வைப்பவரும் இவர்தான். கெட்டவரா? சேச்சே. தங்கமான மனிதர். கெட்டவராக இருந்தால் ஒரு முறை முறைத்துவிட்டுப் போய்விடலாமே!

மலேசியாவில், குளுவாங் ஊர்க் கிரகோரி மாமாவை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரும் கார்களை ஒழுங்குபடுத்தி நிறுத்துவது அவர் பொறுப்பு. கோயில் வாசலில் அவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றால் பாமாயில் லாரிகூட நின்று யோசிக்கும். பாடகர் குழுவிலும் அவர் குரல்தான் கடைசி பெஞ்சுவரை எட்டும். பள்ளி விடுமுறையில் அக்காள் மகன் பிரெட்ரிக்கும் அவன் மனைவி ரீத்தாவும் நாலு மாதக் கைக்குழந்தையோடு ஜொகூரில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் புறப்பட்டபோது, 'சின்னப் பிள்ளையோட தனியா போவக் கூடாது' என்று மாமாவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

ரீத்தா ஸ்கூடாயிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். அடுத்த மாதம் பிரசவ விடுப்பு முடிகிறது. அதற்குள் எடுத்து உறைய வைக்க முடிந்த பாலை எல்லாம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று, போகும் இடமெல்லாம் பம்பும் ஐஸ் பெட்டியும் கூடவே வந்தன. போன வாரம்தான் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் விழுந்து எழுந்திருந்தாள். இன்னொரு தடவை அப்படி ஆனால் பால் வற்றியே போய்விடுமோ என்ற பயம் அவளை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது.

பாலூட்டும் அறை பூங்காவின் மறுகோடியில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தை வீறிட்டது. ரீத்தாவுக்கு மார்பு இரண்டும் கல்லாகக் கட்டிப்போய், தொட்டால் உயிர் போனது. குடைராட்டினத்துக்கு எதிரே மரநிழலில் ஒரு பெஞ்சைப் பார்த்தாள், உட்கார்ந்தாள், சட்டையைச் சற்று உயர்த்தினாள். குழந்தை கப்பென்று வாய் வைத்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் ஐஸ்கிரீம் உருகும் கவலை.

கிரகோரி மாமா பார்த்துவிட்டார்.

"அலமாக்! பிரெட்டி, அந்தச் சாரோங்க எடு! சீக்கிரம்லா!"

சிவப்பு நிறத்தில் பெரிய பெரிய செம்பருத்திப் பூ போட்ட சாரோங் கைலி. ஒரு முனையைப் பிரெட்ரிக்கின் கையில் திணித்தார், மறு முனையைத் தாமே பிடித்து ரீத்தாவை முழுசாக அடைத்தார். மிச்சமிருந்த கையைக் கார் நிறுத்தும் பாணியில் நீட்டினார்.

"யாரும் இந்தப் பக்கம் பாக்காதீங்க! பிள்ளைக்குப் பால் குடுக்கறாங்க!"

இதையே மலாயிலும் சொன்னார். ஆங்கிலத்திலும் சொன்னார். யாரும் விட்டுப்போய்விடக் கூடாதல்லவா?

"மாமா, உள்ள அவளுக்குக் காத்து வரல," என்றான் பிரெட்ரிக்.

"காத்து முக்கியமா, மானம் முக்கியமாடா? நல்லா தூக்கிப் பிடி."

உள்ளே ரீத்தா வியர்த்து ஒழுகினாள். குழந்தை வாயை எடுத்துவிட்டு, தலைக்கு மேல் ஆடும் செம்பருத்திப் பூவை வேடிக்கை பார்த்தது. பிறகு பசி ஞாபகம் வந்து அலறியது. வலி பொறுக்காமல் ரீத்தா ஒரு பக்கம் பம்பை வைத்து முடுக்கினாள். கிர்ர், டக். கிர்ர், டக்.

சத்தம் வெளியே கேட்டது! மாமா விடுவாரா? அதையும் மறைக்க வேண்டுமே. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஜூன் மாத வெயிலில், கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை உச்சக் குரலில் எடுத்துவிட்டார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். கேளிக்கைப் பூங்காவில் ஒரு சிவப்புத் திரை, முன்னால் கையை நீட்டிக்கொண்டு பாடும் ஓர் ஆள், உள்ளே ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம். ஜனங்கள் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றார்கள். நம்மவர்கள் முதலில் நிற்பார்கள், எதற்கு என்று பிறகுதான் கேட்பார்கள்.

முன்னால் நின்ற ஒரு பெண்மணி கேட்டாள். "அங்கிள், இதுல எத்தன வயசுப் பிள்ளைங்க ஏறலாம்?"

"இது ரைடு இல்லம்மா! பால்! பால்!"

"பாலா? ஃப்ரீயா குடுக்கறாங்களா?"

வரிசை இன்னும் நீண்டது. "தாடா! தாடா! ஒண்ணுமில்ல, போங்க!" என்று மாமா மலாயும் தமிழுமாகக் கத்தக் கத்த, ஒன்றுமில்லாததைப் பார்க்க இன்னும் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். பால் குடிக்க வேண்டிய ஒரே ஒரு ஜீவனைத் தவிர, பூங்காவே வாயைத் திறந்துகொண்டு நின்றது. ரீத்தாவுக்கு அழுகை முட்டியது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. பம்பைக் கழற்றி வைத்துவிட்டு, குழந்தையை ஒரு கையில் அணைத்தபடி எழுந்து, சாரோங்கை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"என்னம்மா, முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல மாமா. எனக்கு வெக்கமா இல்ல. பாப்பாவுக்கும் இல்ல. உங்களுக்குத்தான் இருக்கு. நீங்களே போத்திக்கிங்க."

சாரோங்கை அவர் தலையில் போட்டுவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தலை முதல் முழங்கால்வரை செம்பருத்தியாக, நீட்டிய கை நீட்டியபடி மாமா நின்றார். ஆஹா, இதுதான் இந்தப் பூங்காவின் பொம்மை மனிதர் போலிருக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டி ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள். பெற்றவர்கள் படம் எடுத்தார்கள். அவ்வளவு கூட்டத்தில் ஒரு கண்கூட பெஞ்சுப் பக்கம் திரும்பவில்லை. குழந்தை கண்ணை மூடிக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தது. கல் மெல்ல இளகியது. ரீத்தாவுக்கு அப்பாடா என்றிருந்தது. துணிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது. "பிரெட்டி, யாரும் பாக்கலையே?"

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் வாசகரே, ஒன்று கேட்கட்டுமா? மேலே ஓரிடத்தில் 'மார்பு' என்று வந்தபோது, அருகில் இருப்பவர் பார்த்துவிடப் போகிறாரே என்று பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தீர்களே, அது எதற்காம்?