ஹக்கீம் வீட்டு முன்னறையில் நான் பைத்தியமாக இருந்தது

காதல் கதைகளில் காதலைக் கெடுப்பதற்கென்று ஒரு ஆள் இருப்பார். பெண்ணின் தகப்பனார் இருப்பார், இல்லையென்றால் மாமன் மகன் இருப்பான். யாரும் அகப்படாவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு பழைய பகையாவது இருக்கும். என் காதலுக்கு அந்த வசதி எதுவும் வாய்க்கவில்லை. கெடுக்கிற வேலையையும் நானே செய்ய வேண்டியிருந்தது. (ஒரு குறையும் வைக்காமல் செய்தேன்.)

அப்போது நாங்கள் சேந்தமங்கலத்தில் இருந்தோம். என் தகப்பனாருக்கு, எங்கள் அத்தாவுக்கு, கடைவீதியில் மலைச்சரக்குக் கடை. கொல்லிமலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கும் புளி, கடுக்காய், தேன் எல்லாவற்றையும் வாங்கி, மாட்டுவண்டியில் சேலத்துக்கு அனுப்புவார். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டுவேன். வயது இருபது. மீசை வந்துவிட்டது. புத்தி, வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தது.

சேலத்தில் பேசும் படம் வந்துவிட்ட காலம். எங்கள் பக்கம் இன்னும் நாடகக் கொட்டகைதான். நாமக்கல்லில் ஒரு கம்பெனி வந்து இறங்கி, அரபு நாட்டுப் பழங்காதல் கதை ஒன்றை நடத்தியது. கதாநாயகனுக்கு அவன் விரும்பிய பெண்ணைக் கொடுக்க மறுத்துவிடுகிறார்கள். அவன் சோறு தண்ணீரை விட்டுப் பித்துப்பிடித்துப் பாலைவனத்தில் திரிகிறான். மானும் சிங்கமும் துணைக்கு வருகின்றன. கடைசியில் அவளுடைய சமாதியின் மேல் விழுந்து உயிரை விடுகிறான். பித்தனாக நடித்தவர் நல்ல உடம்புக்காரர். பட்டினியால் துவண்டு அவர் சாய்ந்தபோது மேடைப் பலகை ஒன்று முறிந்தது. அப்படியும் கொட்டகையே அழுதது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். ஊர் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், நானும் பித்தனாவது என்று.

அதற்கு ஒரு பெண் வேண்டுமே என்றால், இருந்தாள். எங்கள் தெருக்கோடியில் யூனானி வைத்தியர் ஒருவர் இருந்தார். ஊரே அவரை ஹக்கீம் என்றுதான் அழைக்கும். அவர் மகள் ஜைத்தூன். என் அக்கா ஹலீமா பிரசவத்துக்கு வந்திருந்தபோது, பிள்ளையைப் பார்க்கத் தன் தாயாரோடு வந்தவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நல்ல தண்ணிங்களா, உப்புத் தண்ணிங்களா?" என்றாள். எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமும் அதுதான். உப்புத் தண்ணீர்தான். ஆனாலும் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு நான் ஒரு வருஷம் மனதுக்குள் குடும்பம் நடத்தினேன்.

கதைப்படி அடுத்ததாகப் பெண் வீட்டார் மறுக்க வேண்டும். அவர்கள் மறுக்க வேண்டுமானால் யாராவது போய்க் கேட்க வேண்டும். அத்தாவிடம் போய் எனக்கு இந்தப் பெண்ணைப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆகவே அந்தக் காட்சியை விட்டுவிட்டு நேரே பாலைவனத்துக்குப் போய்விட்டேன்.

சேந்தமங்கலத்தில் பாலைவனம் கிடையாது. ஒரு பக்கம் மலை, மற்ற பக்கமெல்லாம் கடலைக்காடும் சோளக்காடும். தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிதான் அகப்பட்டது. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, தலையை வாராமல், கொளுத்துகிற வெயிலில் மேலும் கீழும் நடந்தேன். மானும் சிங்கமும் வரவில்லை. வெள்ளாடுகள் வந்தன. அதில் ஒன்று என் தொப்பியைத் தின்றது. ஆட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து, "ஏனுங் தம்பி, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார். நான் தொடுவானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். பெரிய நஷ்டம்போல என்று நினைத்து அவரும் கூடவே தேட ஆரம்பித்தார். என்ன பொருள் என்றுகூடக் கேட்காமல் மத்தியானம் வரை தேடினார், நல்ல மனுஷர்.

வீட்டில் சோற்றுத் தட்டைத் தள்ளினேன். பித்தனுக்குப் பசிக்கக் கூடாது. எனக்குப் பசித்தது. கிடங்கில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புளியை உருட்டி வாயில் போட்டு, மேலே தேனை நக்கிக்கொண்டேன். (இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம்.) வயிறு கல்லாகக் கனத்தது. முகம் வெளுத்தது. பார்ப்பதற்கு அசல் பித்தனாகவே ஆகிவிட்டேன். அம்மா தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வாய் தின்னு கண்ணு என்று கெஞ்சுவாள். நான் சுவரைப் பார்ப்பேன். நாடகத்தில் அவர் அப்படித்தான் பார்த்தார்.

அத்தா ஹக்கீமுக்குச் சொல்லியனுப்பினார்.

எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். நாடியைப் பிடித்தே காதலைக் கண்டுபிடித்துவிடும் வைத்தியர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஹக்கீம் என் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடியதும், ஜைத்தூன் ஜைத்தூன் என்று மனதுக்குள் விடாமல் சொன்னேன், ரத்தத்தோடு போய் அவர் விரலில் தட்டட்டும் என்று. நாடி அதைச் சொல்லவில்லை. புளியைச் சொல்லியிருக்கும்.

தூக்கம் வருகிறதா, கனவு வருகிறதா என்று கேட்டார். பெண்ணைப் பெற்றவரிடமே பெண்ணின் பெயரை எப்படிச் சொல்வது? அதற்காகப் பித்தன் சும்மாவும் இருக்க முடியாது. கூரையைப் பார்த்து, "ஒட்டகம் வருது" என்றேன்.

ஹக்கீம் கதவுப் பக்கம் திரும்பினார். "பையன் ஒட்டகத்தை எங்க பார்த்தான்?"

"எங்கயும் பார்த்ததில்லீங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா அழுதாள். "அதானுங்க பயமா இருக்குது."

ஈரல் சூடு மூளைக்கு ஏறிவிட்டது என்று ஹக்கீம் தீர்ப்புச் சொன்னார். தலையை மழிக்க வேண்டும், பற்றுப் போட வேண்டும், உள்ளே இருக்கும் கெட்டதை எல்லாம் பேதிக்குக் கொடுத்து இறக்க வேண்டும். கண் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டிய நோவு என்பதால் தன் வீட்டு முன்னறையிலேயே தங்கட்டும் என்றார். அவள் வீட்டில், அவள் இருக்கும் அதே கூரைக்குக் கீழே! அந்த நாடகப் பித்தனுக்குக்கூட இந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. மொட்டைத் தலையில் பச்சிலைச் சாந்தோடு, சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல், ஊர் பார்க்க அங்கே நடத்திக் கூட்டிப் போகப்பட்டேன்.

முன்னறைக்கும் உள்கட்டுக்கும் நடுவே ஒரு துணித் திரை. மறுநாள் காலையில் திரைக்குப் பின்னால் வளையல் சத்தமும் கல்லில் மருந்து அரைக்கும் சத்தமும் கேட்டன. எனக்காக அவள் அரைக்கிறாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைவிட இனிமையான சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. அரைத்தது பேதி மருந்து. கடுக்காய் எங்கள் கடைச் சரக்கு, முதல் தரம்.

கொல்லைக்குப் போக வேண்டுமானால் அந்தத் திரையைத் தாண்டி, சமையற்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். நான் வருகிற அரவம் கேட்டதும் தாயும் மகளும் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்குவார்கள். முதல் தடவை பித்தன் மாதிரித் தள்ளாடி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு நடிக்க நேரம் இருக்கவில்லை. சாயங்காலம் ஹக்கீம் வந்து, இன்றைக்கு எத்தனை தடவை என்று திரையைப் பார்த்துக் கேட்பார். திரைக்குப் பின்னாலிருந்து கணக்கு வரும், ஜைத்தூனின் குரலில். அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று ஒரு வருஷமாக அல்லாவிடம் துஆ கேட்டவன் நான்.

ஹலீமாக்கா என்னைப் பார்க்க வந்தாள். என் தலையைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள். "பெருநாளு முடிஞ்சதும் ஜைத்தூனை உனக்குப் பேசி முடிக்கறதா இருந்துச்சு. அத்தா கேட்டாரு, ஹக்கீம் மாமாவும் சரின்னாரு. அந்தப் புள்ளைக்கும் சம்மதந்தான். இப்ப மாமா, சீக்காளிக்கு எப்படிக் குடுக்கறதுன்னு சொல்லிட்டாரு."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே" என்றேன்.

"சொல்லலாம்னு இருந்தப்பத்தான் நீ ஏரிக்குப் போயிட்டியே."

அவள் போன பிறகு வெகுநேரம் அந்தப் பாயிலேயே கிடந்தேன். எனக்காகச் சமைத்துப் பரிமாறத் தயாராக வைத்திருந்த ஒன்றை, யாரும் மறுக்காத ஒன்றை, மறுத்துவிட்டதாக நானே வைத்துக்கொண்டு மொட்டையடித்துக் கொண்டவன் உலகத்தில் என்னைத் தவிர யாராவது இருப்பானா? நாடகத்தில் அவனுக்குச் சாவாவது வந்தது. எனக்கு மறுபடி வயிற்றைக் கலக்கியது.

சாயங்காலம் ஹக்கீம் வந்ததும் காலில் விழாத குறையாகச் சொன்னேன். எனக்குப் பைத்தியம் இல்லை, எல்லாம் நடிப்பு, நாடகத்தைப் பார்த்துக் கெட்டுப்போனேன் என்றேன். அவர் இரக்கத்தோடு கேட்டுக்கொண்டார்.

"இந்த நோவு கண்டவங்க அல்லாருமே இதைத்தான் சொல்லுவாங்க தம்பி" என்றார். பிறகு திரையைப் பார்த்து, நாளைக்கு மருந்தைக் கொஞ்சம் கூட்டி அரைக்கச் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லாத அழுகை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன்.

"அரைக்க வேண்டாங்கத்தா" என்றாள் ஜைத்தூன், திரைக்குப் பின்னாலிருந்து. "அவரு சொல்றது நெசந்தான்."

நான் வந்த அன்றைக்கே அவளுக்குச் சந்தேகமாம். அவள் அத்தா வாசலில் செருப்பைக் கழற்றும்போது நான் பிதற்றத் தொடங்குவதையும், அவர் போனதும் நிறுத்திவிட்டுக் கொசுக்கடியைச் சொறிவதையும் திரையிடுக்கில் பார்த்திருக்கிறாள். சோதித்துப் பார்க்கலாம் என்று, வீட்டில் கறி ஆக்கிய அன்று ஒரு கிண்ணத்தை மறந்துபோனவள்போல முன்னறை வாசலில் வைத்திருக்கிறாள். கிண்ணம் கழுவி வைத்தது மாதிரித் திரும்பி வந்ததாம். (பூனை தின்றதாக நினைப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன்.)

ஹக்கீம் தாடி குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மொட்டைத் தலையைத் தடவினார். அவர் மனது இளகிவிட்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் திரையைப் பார்த்து, பேசி வைத்ததை மறுபடியும் பேசலாமா என்று தணிந்த குரலில் மகளைக் கேட்டார்.

 நான் திரையின் பக்கம் காதைச் சாய்த்தேன்.

"பைத்தியமா இருந்திருந்தாச் சரின்னுருப்பேனுங்கத்தா" என்றாள். "மருந்து நம்ம ஊட்லயே இருக்குது. இவரு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதுமுங்க. அதைக் கேக்கத் தெரியாம இத்தனையும் பண்ணியிருக்கறாரு. நாளைக்குப் பசிச்சாலும் சோறு வேணும்னு கேக்க மாட்டாரு, ஒட்டகம் வருதும்பாரு. நான் என்னன்னு தெரிஞ்சு ஆக்கிப் போடறது?"

ஹக்கீம் என்னைப் பார்த்தார். என்னிடம் பதில் இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அப்போதாவது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் வாய் வரவில்லை. உள்ளே அவள் மருந்துக் கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது.

பெருநாள் கழிந்து, சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் நூல் வியாபாரம் செய்தவருக்கு ஜைத்தூனை நிக்காஹ் செய்து கொடுத்தார்கள். விருந்துக்கான புளியும் தேனும் எங்கள் கடையிலிருந்துதான் போயின. வண்டியில் மூட்டை ஏற்றியது நான். என் தலையில் முடி அப்போதுதான் புல் மாதிரி முளைத்திருந்தது. கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி என்னைக் காட்டிச் சிரித்தார்கள். ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையிலேயே சாப்பிட முடியாமல் போயிற்று. கை சோற்றைப் பிசையும், வாய்க்குப் போகாது. கடையில் யாராவது கடுக்காய் கேட்டால் கண் கலங்கும். ஒரு பித்தனுக்கு வேண்டிய அடையாளம் எல்லாம், நான் அழைக்காமல், தாமாகவே வந்து சேர்ந்தன. யாரும் கண்டுகொள்ளவில்லை. அம்மா தட்டை என் முன்னால் வைத்து, "ஒட்டகந்தான் போயிருச்சில்ல, எந்திரிச்சு உக்காந்து தின்னு" என்பாள். அத்தாகூடச் சிரிப்பார். நான் தின்றேன். 

ராசிபுரம், நாமக்கல், எருமப்பட்டி எங்கேயும் எனக்குப் பெண் கிடைக்கவில்லை. கடைசியில், கதை இன்னும் போய்ச் சேராத ஆத்தூர்ப் பக்கத்தில் பார்த்தார்கள். பாத்திமா வந்தாள். வந்த சில நாளிலேயே, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஹலீமாக்கா ஆட்டுக்காரரில் தொடங்கிக் கறிக்கிண்ணம் வரை முழுவதையும் நடித்தே காட்டிவிட்டாள். பாத்திமா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். தண்ணீர் குடித்த பிறகு, என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இப்பவும் அந்தப் பொண்ண நெனச்சிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "பாரு பாரு, ஒட்டகம் வருதுங்கப் போறான்" என்றாள். வீடே மறுபடியும் சிரிப்பில் அதிர்ந்தது. பாத்திமாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அதற்குப் பிறகு அதைக் கேட்கவேயில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைக்கும் பெருநாளுக்குப் பிள்ளைகள் கூடினால் அந்தக் கதைதான் நடக்கிறது. ஹலீமாக்காவுக்குப் பிறகு அதைச் சொல்வது பாத்திமா. அவளைப்போல் யாராலும் சொல்ல முடியாது. ஹக்கீமாக இருமுவாள், வெள்ளாடாகக் கத்துவாள், நான் கொல்லைக்கு ஓடுவதை உட்கார்ந்த இடத்திலேயே ஓடிக் காட்டுவாள். தான் புரையேறித் தண்ணீர் குடித்த இடம் வந்ததும் மட்டும், அங்கேயே நிறுத்திவிட்டு, பிள்ளைகள் அடுத்து என்ன என்று பார்த்துக்கொண்டிருக்க, வெற்றிலைத் தட்டை இழுத்து, ஒரு வெற்றிலையை எடுத்து, அதன் நரம்பை நிதானமாகக் கிள்ளிக்கொண்டிருப்பாள்.