குடுமியார் எங்கள் புறக்கடையில் சொன்ன பொய்

குடுமியார் ஒரு பொய்யர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எத்தனை ஊர் இருக்கிறதோ அத்தனை ஊரிலும் நின்று, ஆளின் முகத்தைப் பார்த்து, கூசாமல் பொய் சொன்ன மனிதர் அவர். அந்தப் பொய்களில் ஒன்றை எங்கள் வீட்டுப் புறக்கடையிலேயே சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அவர் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. பின்னே ஏன் குடுமியார்? கையில் எப்போதும் குடுமியோடு ஒரு தேங்காய் இருக்கும். போர் போடுவதற்கு முன்னால் நிலத்தில் தண்ணீர் பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பார். கீழே நீரோட்டம் இருந்தால் படுத்திருந்த தேங்காய் எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் தேங்காய் பார்க்காமல் யாரும் போர் போடுவதில்லை. இன்ஜினியர் வந்து மிஷின் வைத்துப் பார்த்துச் சொன்னாலும், “அதுஞ் செரிங்க, தேங்காயும் ஒருக்கா பாத்துப்போடலாம்” என்பார்கள்.

தொழிலுக்கு மட்டும் தேங்காய் என்றால் பரவாயில்லை. இவர் பஸ்ஸில் சீட்டுக்கும் தேங்காய் பார்ப்பார். கூட்டத்துக்குள் புகுந்து நடந்துபோய், எந்த ஆளின் முன்னால் தேங்காய் லேசாக ஆடுகிறதோ அந்த ஆளை முறைத்துக்கொண்டே நிற்பார். அந்த ஆள் மிரண்டுபோய் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடுவார். “பாத்தீங்களா, பலிச்சுப்போச்சு” என்று இவர் உட்கார்ந்துகொள்வார்.

ஒரு கண்டக்டர் பொறுக்கமாட்டாமல், “ஏனுங் பெரியவரே, தேங்காய்க்கு லக்கேஜ் போடட்டுங்களா?” என்று கேட்டார்.

“லக்கேஜ் இல்ல சாமி, இது என்ற பார்ட்னரு. போடறதுன்னா ஃபுல் டிக்கெட்டாவே போடு.”

வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் கால் கழுவப் போனவர், பார்ட்னரைச் சமையல்கட்டு மேடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டு அம்மா உடைத்துச் சட்னி அரைத்துவிட்டார். குடுமியார் திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “எத்தனை போருக்குத் தண்ணி காட்டுன தேங்காய்ங்க! அதைப் போயி மிக்ஸியில போட்டுட்டீங்களே அம்மணி!” கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு தோசையும் சாப்பிட்டார். சட்னியை இன்னொரு தடவை கேட்டு வாங்கினார்.

இப்போது எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்தில் ஹைவேயை ஒட்டி இருக்கிறது. முன்வாசலில் பந்து உருண்டால் நாமக்கல் போய்த்தான் நிற்கும். பிள்ளைகளை அங்கே விட முடியாது. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடம் ஒன்று உண்டு. சுற்றிச் சுவர், ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதைப் பிள்ளைகளுக்கான தோட்டமாக ஆக்க வேண்டும் என்பது என் ஆசை. பெரிய திட்டமெல்லாம் இல்லை. வேப்பமரத்தில் ஊஞ்சல். சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரே ஒரு மணல்மேடு. வெங்காயம் உரிக்கும்போதே என் கண் அவர்கள்மேல் இருக்கும். பாத்திரம் கழுவிய தண்ணீர் போகிற பக்கம் வாழையும் கறிவேப்பிலையும். நடுவில் ஒன்றுமே கூடாது. நடுவில் அவர்கள் ஓட வேண்டும்.

அந்த நடுவில்தான் என் கணவர் போர் போட நினைத்தார். அவர் திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டிக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். வடக்கே போய் ஊர் ஊராக ஓட்டை போட்டு வந்த மனிதர். ஓட்டை இல்லாத தரையைப் பார்த்தால் அவருக்குக் கை அரிக்கும்.

“வண்டி சும்மாதான் நிக்குது புள்ள. போரைப் போட்டுட்டா வரிசையாத் தென்னை வெச்சுப்போடலாம்.”

“ரிக் வண்டி எப்படிங்க உள்ள வரும்?”

“செவுத்தை இடிச்சாப் போவுது.”

“வேப்பமரம்?”

“வெட்டுனாப் போவுது.”

“புள்ளைங்க?”

கொஞ்சம் யோசித்தார். “முன்னால வெளையாடட்டும்” என்றார்.

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ஹைவேயில் போன லாரிக்காரனே எட்டிப் பார்த்திருப்பான். காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. குடிக்கத் துவைக்கப் போதும். எதற்குப் போர்? கடைசியில், குடுமியாரைக் கூப்பிடுவது, தேங்காய் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். தோற்றேன் என்றே நினைத்தேன். ரிக் கம்பெனிக்காரர் வீட்டில் வந்து தண்ணீர் இல்லை என்று யார் சொல்வார்கள்?

குடுமியார் வந்து செருப்பைக் கழற்றி நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே தெருப் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவன் உள்ளங்கையில் கத்தரிக்காய், ஒருத்தி கையில் ரப்பர் பந்து, என் மகன் கவின் கையில் ஒற்றைச் செருப்பு. எல்லோரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு தண்ணீர் பார்த்தார்கள். என் கணவர் சுவர் ஓரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

இடத்தின் நடுவில் என் மகள் நிலா குச்சியால் பாண்டிக் கட்டம் கீறி வைத்திருந்தாள். குடுமியார் அதற்குள் கால் வைத்தார்.

“தாத்தா, கோட்டை மிதிச்சுட்டீங்க. அவுட்டு!”

குடுமியார் நின்றார். தேங்காயும் நின்றது. குடுமி வானத்தைப் பார்க்க, நட்டமாக நின்றது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். குடுமியார் தேங்காயைப் பார்த்தார். காலடியில் இருந்த கோட்டைப் பார்த்தார். திரும்பி, செருப்பும் கத்தரிக்காயுமாக நின்ற வரிசையைப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தேங்காய்மேல் போட்டு மூடினார்.

“ஒண்ணுமே இல்லீங்க தம்பி!” என்று கத்தினார். “அடியில பூராப் பாறை. போட்டீங்கன்னா பொகைதான் வரும்.”

என் கணவர் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். “நல்லாப் பாத்தீங்களா?”

“என்ற மேல சந்தேகமுன்னாத் தேங்காயைக் கேட்டுக்குங்க.”

அதோடு போயிருக்கலாம். போகவில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தையும் தேங்காய் பார்த்துத்தான் அமைக்க வேண்டும் என்று நின்றுவிட்டார். “இங்க வெச்சா பார்ட்னரு கோவிக்கறாருங்க அம்மணி” என்று மணலை இடம் மாற்றி மாற்றிக் கொட்டவைத்து என் இடுப்பை ஒடித்தார். ஊஞ்சல் கட்டியதும் முதலில் தேங்காயை உட்காரவைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு தேங்காயோடு தானும் ஏறினார். கயிறு அறுந்து மணலில் மல்லாக்க விழுந்தார். தேங்காய் பிடித்த கை மட்டும் மேலே நின்றது. “பார்ட்னருக்கு அடியில்லீங்க” என்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றுகொண்டு, “இன்னொருக்கா விழுங்க தாத்தா” என்று கெஞ்சினார்கள். இன்னொருக்கா விழுந்தார்.

அப்புறம்தான் குட்டு வெளிப்பட்டது. அவர் பாறை என்று சொன்ன ஓர் இடத்தில் யாரோ பிடிவாதமாகப் போர் போட, தண்ணீர் பீய்ச்சி அடித்திருக்கிறது. ரிக் டிரைவர்கள் கூடிப் பேசியபோது இன்னும் பல இடங்கள் வெளியே வந்தன. பள்ளிக்கூடத்துப் பின்பக்கம், தறிக்காரர் தெருப் பொட்டல், எல்லாம் பிள்ளைகள் விளையாடுகிற இடங்கள். எல்லாவற்றுக்கும் பாறை என்றே சொல்லியிருக்கிறார்.

“ஆளு சரியான ஃப்ராடு புள்ள!” என்று என் கணவர் குதித்தார். ரிக் கம்பெனிகள் குடுமியாரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன.

பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் குடுமியாரை மடக்கினேன். “ஏனுங் மாமா, எங்க பொறக்கடையில தேங்கா எந்திரிச்சு நின்னுச்சு. நான் பாத்தேன். எதுக்கு இல்லைன்னீங்க?”

“அது நின்னதுல சேராதுங்க அம்மணி. புள்ளைங்க குதிச்சா பூமி ஆடுது. பூமி ஆடுனாத் தேங்காய்க்குத் தலை சுத்துது. தலை சுத்தி எந்திரிச்சதையெல்லாம் நம்ப முடியுங்களா?”

“இது எந்த ஊரு நியாயமுங்க?”

“பஸ்ஸு வந்துருச்சுங்க” என்று ஏறிப் போய்விட்டார்.

இப்போது மேட்டூரில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அணைக்கரையில் நின்று, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தேங்காய் வைத்துப் பார்க்கிறாராம். செய்யக்கூடிய ஆள்தான்.

இங்கே என் கணவர் மறுபடியும் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார். வேறு தேங்காய்க்காரரைக் கூட்டிவரப் போகிறாராம். பிள்ளைகள் போடுகிற கூச்சல் ஜன்னல் வழியாக வந்து என்னை எழுதவிடாமல் செய்கிறது.

குடுமியாரே, நீங்கள் மேட்டூரில் ஒளிந்திருந்தது போதும். ஊரறிய, இந்தப் பத்திரிகையிலேயே பதில் சொல்லுங்கள். எங்கள் புறக்கடையில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? என் கணவர் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுகிற ஆள். நான் எழுதுவதை என்றைக்கும் படித்ததில்லை. நீங்கள் எழுதினால் கட்டாயம் படிப்பார். அதனால் யோசித்து எழுதுங்கள். அன்றைக்குச் சொன்னதையே, அதே சத்தத்தோடு, கூசாமல் சொல்லுங்கள் மாமா.