சொந்த வீட்டுக்கு வாட்ச்மேன்

உலகத்தில் அடுத்தவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரு மனுஷியை அவளுடைய சொந்த வீட்டுக்கே வாட்ச்மேனாகப் போட்டு, கையில் விசிலையும் கொடுத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் எங்கள் டிகாஷன் சார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. உத்திரமேரூரில் எங்கள் அறக்கட்டளையின் கிளை அலுவலகத்தில் நான் கணக்கர், அவர் ‘குடியிருப்போர் நலத்துணை அலுவலர்’. இந்தப் பதவிப் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்கு அந்த வேலையையே கொடுத்துவிடலாம். சொந்தமாகக் காணி நிலம் இல்லாத கூலிக்காரக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் அறக்கட்டளையின் தொழில். எஞ்சினியர் சுவரை எழுப்பிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிடுவார். அதற்கப்புறம் ரேஷன் கார்டில் முகவரி மாற்றுவதிலிருந்து மாமியார் மருமகள் சண்டை வரைக்கும், சுவருக்குள் நடப்பதெல்லாம் டிகாஷன் சார் தலையில்.

பால் என்றால் அவருக்கு ஆகாது. ஒரு மடக்கு உள்ளே போனாலும் வயிறு கலவரம் பண்ணும். அதனால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பால் சேராத வெறும் டிகாஷனைத்தான் வாங்கிக் குடிப்பார். தலையெழுத்தைப் பாருங்கள், அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கிடைத்த வேலை, புது வீடு புது வீடாகப் போய்ப் பால் காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது! எல்லா வீட்டிலும் டம்ளரை நீட்டுவார்கள். இவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவார். “நம்ம வூட்டுப் பாலு அவருக்கு எறங்காதாமே” என்று ஆரம்பத்தில் சிலர் முகம் சுருங்கியது. எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். அதனாலேயே எந்த வீட்டுக்குப் போனாலும் நேராகச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கருவாட்டுக் குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வருவார். அவருக்குத் தொப்பை வந்தது இப்படித்தான். அதைப் பணிக்காலக் காயமாகக் கருதி அறக்கட்டளை ஏதாவது பார்த்துச் செய்திருக்க வேண்டும்.

மானாம்பதி போகிற வழியில் இருபத்தாறு வீடுகள் கட்டினோம். சாவி கொடுக்கும் விழாவுக்குத் தலைமை அலுவலகம் தேதி குறித்தது. நன்கொடை கொடுத்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எப்போது லீவு, எப்போது விமானம், எந்த ஓட்டலில் ஏசி நன்றாக இருக்கும் என்று அத்தனையும் பார்த்தார்கள். தமிழ் மாதக் காலண்டரை மட்டும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை. விழா ஆடி மாதத்தின் ஆரம்பத்தில் விழுந்தது.

விழா ஜோராக நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். இருபத்தாறு குடும்பங்களும் சாவியை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, வந்த வழியே ஏரிக்கரைக் குடிசைகளுக்குத் திரும்பிப் போய்விட்டன. ஆடியில் எவன் பால் காய்ச்சுவான்?

தலைமை அலுவலகம் கொதித்தது. ஆடி முடிவதற்குள் ஆய்வு நடக்கும், அப்போது ஆள் குடியில்லாத வீடு எதுவானாலும் ஒதுக்கீடு ரத்து, காத்திருப்பில் இருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும் என்று உத்தரவு வந்தது. கூடவே, மக்களின் மூடநம்பிக்கையைப் போக்க ஒரு பயிற்சியாளரையும் அனுப்பினார்கள். அவர் திரையெல்லாம் கட்டி, படம் காட்டி, எல்லா மாதமும் நல்ல மாதமே என்று நெடுநேரம் பேசினார். கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டார்.

சாவி வாங்கியவர்களில் ஒருத்தியான செல்வி எழுந்தாள். “நீ சொந்த வூடு கட்டிக்கினியா சார்?”

“ஆமாம்மா, போன வருஷம்தான்.”

“எந்த மாசம் குடிபோன?”

பயிற்சியாளர் தண்ணீர் குடித்தார். “அது... வந்து... ஆவணி.”

அன்றைக்குக் கூட்டம் சிரித்த சிரிப்பில் திரை அவிழ்ந்து விழுந்தது. பயிற்சியாளர் நாஷ்டா கூடச் சாப்பிடாமல் பஸ் ஏறினார்.

சிரிப்பெல்லாம் சரிதான், ஆனால் வீடு போய்விடுமே! அதிலும் செல்விக்குப் போனால் இன்னொன்று கிடைக்கவே கிடைக்காது. செங்கல் சூளைக்கும் நடவுக்கும் போய் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள். புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், போனவன்தான். அந்த வீட்டுக்குக் கல் சுமந்ததும் அவள்தான், சுவர் காய்ந்துவிடாமல் காலையும் மாலையும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதும் அவள்தான். ஏரிக்கரையில் அவளுடைய குடிசைக்குக் கூரை என்று இருந்தது ஒரு தார்ப்பாய். ஆடிக் காற்று அதையும் பாதி கிழித்துவிட்டது.

டிகாஷன் சார் அங்கே போனபோது நானும் கூடப் போயிருந்தேன்.

“செல்விம்மா, வூடு கைய வுட்டுப் பூடும்மா” என்றார்.

“போனா போவட்டும் சார்” என்றாள் அவள், தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டே. “எங்க மாமியாரு அவசரப்பட்டு ஆடி மாசத்துலதான் எனக்குத் தாலி கட்ட வெச்சாங்க. இன்னா ஆச்சி? அந்த ஆளு எங்க கீறான்னே தெரியல. இப்ப ஆடில அந்த வூட்டுக்குள்ள காலெடுத்து வெச்சேன்னா, இந்த ரெண்டு பொண்ணுல எதுக்கு இன்னா ஆவுமோ? எனக்கு வூடு வேணாம் சார், புள்ளைங்க வேணும்.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. இவர் என்ன சொல்லப்போகிறார், அந்தப் பயிற்சியாளர் மாதிரி ஆரம்பித்துவிடுவாரோ என்று பார்த்தேன்.

“சரி, குடிபோவ வேணாம்” என்றார் டிகாஷன் சார். “வேலைக்குப் போறியா?”

“இன்னா வேல?”

“வாட்ச்மேன் வேல. புது வூடு ஒண்ணு ஆளில்லாமப் பூட்டிக் கெடக்குது. பொழுது போனா படுத்துக்கினு பாத்துக்கணும்.”

“யார் வூடு?”

“செல்வின்னு ஒருத்தங்களுது. ஆவணிலதான் குடிவருவாங்களாம்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, “அந்தம்மா எப்படி, நல்ல மாதிரியா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் புடிவாதம். மத்தபடி தங்கமானவங்க.”

“புள்ளைங்கள இட்டுக்கினு வரலாமா?”

“தாராளமா வா. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“சம்பளம்?”

“ஆவணில அவங்ககிட்டயே வாங்கிக்க.”

அன்று சாயங்காலமே செல்வி பாயைச் சுருட்டிக்கொண்டு வேலையில் சேர்ந்தாள். மறுநாளைக்கு ஏரிக்கரை முழுக்க வாட்ச்மேன் வேலைக்கு ஆள் ரெடி. வீடு கிடைத்தவர்களில் ஒருவரான அந்தோணி வந்து, “எங்க வேதத்துல ஆடி ஆவணின்னு ஒண்ணும் கெடையாது சார். ஆனா தெருவுல எல்லாரும் வாட்ச்மேனா கீற எடத்துல நான் மட்டும் ஓனரா இருந்தா நல்லாருக்காது” என்று அவரும் ஒரு விசில் வாங்கிக்கொண்டு போனார். விசில்களை டிகாஷன் சார் மொத்தமாக வாங்கி, ‘பாதுகாப்புச் சாதனங்கள்’ என்று எழுதிய பில்லை என் மேஜைமேல் நீட்டினார். நான் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இருபத்தாறு விசிலும் ஒன்றாக ஊதும். மானாம்பதி நாய்களுக்கு அந்த மாதம் தூக்கமே இல்லை.

அவர் போட்ட திட்டம் இவ்வளவுதான். சட்டதிட்டங்களை மக்களே போட்டுக்கொண்டார்கள். வாட்ச்மேன் முன்வாசல் வழியாகப் போகக்கூடாது, அது ஓனர் வலதுகால் எடுத்து வைக்க வேண்டிய வாசல். எனவே முன்கதவுக்குப் பூட்டு, போக்குவரத்தெல்லாம் பின்கதவில். வீட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது. பின்பக்கம் மூன்று கல் வைத்துச் சமையல். மழையில் விறகு நனையுமே? அதற்குத்தான் கழிப்பறை இருக்கிறதே! டிகாஷன் சாருக்கு இதுதான் தாங்கவில்லை. வாரக்கணக்கில் தொண்டை கிழியக் கழிப்பறை வகுப்பு எடுத்தவர் அவர்.

“எம்மா, அது வெறகு அடுக்கறதுக்கா கட்னது? உள்ள போங்கம்மா, உங்களுக்குத்தான்!”

“இன்னா சார் நீ?” என்றாள் செல்வி. “ஓனரே இன்னும் போவல. அவங்களுக்கு முன்னாடி வாட்ச்மேன் போலாமா?”

அவர் கொடுத்த வேலையே அவரைக் கட்டிப்போட்டது. நேராகப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டினார்.

ஆய்வுக்கு மண்டல மேலாளர் மேடம் சென்னையிலிருந்து வந்து இறங்கினார். கையில் ஒரு டேப்லெட். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று படம் எடுத்தால் அது இடத்தோடு, நேரத்தோடு பதிவாகிவிடும். முதல் வீடு, பூட்டு. இரண்டாவது வீடு, பூட்டு. மூன்றாவது, நான்காவது, எல்லாம் பூட்டு. டிகாஷன் சார் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். ஊரையே குடியேற்றிவிட்டு முன்கதவை மறந்துபோன மகானுபாவர்!

“வாட் சார் இது? எல்லாரும் குடிவந்தாச்சுன்னு மெயில் போட்டீங்க? ஒரு வீடுகூடத் திறக்கலையே. எல்லாத்தையும் கேன்சல்தான் பண்ணணும்” என்றார் மேடம்.

“மேடம், பின்னாடி...” என்று இவர் ஆரம்பிக்கவும், மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. ஒதுங்கத் திறந்த வாசல் ஒன்றுகூட இல்லை. டேப்லெட்டைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு மேடம் தவித்தார். அப்போது செல்வி வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஒரு விசில்.

“மேடம்! மய வலுக்குது, நனையாத! இப்டிப் பின்னால வா!”

உள்ளே போனோம். பாய், தலையணை, கொடியில் துணி. ஒரு மூலையில் இரண்டு பெண்களும் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடம் சுற்றிலும் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?”

“வாட்ச்மேன், மேடம்.”

“வீட்டு ஓனர் எங்கே?”

“ஆவணில வருவாங்க.”

“ஓனர் பேரு?”

“செல்வி.”

“உங்க பேரு?”

“செல்வி.”

மேடம் டிகாஷன் சாரைப் பார்த்த பார்வையில் எனக்கே வேலை போய்விடும் போலிருந்தது. ‘வேறொருவர் குடியிருக்கிறார்’ என்ற கட்டத்துக்கு அவர் விரல் போயிற்று. அதை அமுக்கினால் வீடு போயிற்று.

“மேடம், மேடம்!” என்று குறுக்கே பாய்ந்தார் டிகாஷன் சார். “ஒரே ஒரு தடவ இவங்க மூஞ்சிய அதுல காட்டுங்க. சாவி குடுத்த அன்னிக்கு எடுத்த போட்டோ அதுலயே கீதுல்ல?”

காட்டினார். டேப்லெட் கொஞ்சம் யோசித்து, பச்சை நிறத்தில் டிக் அடித்தது.

“ஓனர் வந்துட்டாங்கன்னு மெஷினே சொல்லுது மேடம்!”

“நான் வரல!” என்று அலறினாள் செல்வி. “அத்த அழிச்சிடு மேடம் நீ! நான் இன்னும் வரல! காவலுக்குத்தான் கீறேன்! எம் புள்ளைங்க மேல சத்தியம்!”

காரியம் கெட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேடம் மூலையிலிருந்த பெண்களைப் பார்த்தார், வெளியே கொட்டும் மழையைப் பார்த்தார். அப்புறம் ‘குடியிருக்கிறார்’ என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு, “இது உங்களுக்கில்லம்மா, எங்க ஆபீசுக்கு” என்றார். மழை விட்டதும் டிகாஷன் சார் பவ்யமாக, “முன்கதவத் தொறக்கட்டுமா மேடம்? பின்னால ஒரே சேறு” என்று கேட்டார்.

“சும்மா இருங்க சார், ஆடி மாசத்துல” என்று சொல்லிவிட்டு, விலையுயர்ந்த செருப்போடு பின்பக்கச் சேற்றில் இறங்கி நடந்தார். மீதி வீடுகளையும் பின்வாசல் வழியாகவே போய்ப் பார்த்து முடித்தார். அந்தப் பெண்மணி மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

ஆவணி பிறந்து முதல் முகூர்த்தத்தில் இருபத்தாறு வீட்டுப் பூட்டும் திறந்தது, இருபத்தாறு வீட்டிலும் பால் பொங்கியது. செல்வி வலதுகாலை எடுத்து வைத்தாள். பால் பொங்கும்போது அழுதாள், பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். முதல் டம்ளரைக் கொண்டுவந்து டிகாஷன் சாரிடம் நீட்டினாள். அவர் வழக்கம்போலத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனார்.

“ஒத்திக்கற பேச்செல்லாம் வேணாம்” என்றாள். “வாட்ச்மேனுக்கு ஓனரம்மா இன்னும் சம்பளம் தரல. அந்தச் சம்பளம் இதான். நீ குடிக்கணும்.”

அவர் டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மடமடவென்று குடித்தார். நான் பதறிப்போய் மணியைப் பார்த்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. “அவ வூட்ல குடிச்ச, எங்க வூட்டுது மட்டும் கசக்குமா?” என்று அடுத்த வீட்டில் டம்ளர் நீண்டது. அதற்கடுத்த வீட்டிலும். ஒரு வீட்டை விட்டாலும் பழைய பேச்சு திரும்ப வரும் என்று அவருக்குத் தெரியும். மனிதர் ஒரு வீட்டையும் விடவில்லை.

அந்தோணி வீட்டு டம்ளரைக் கீழே வைத்தபோது அவர் முகம் மாறியது. “எம்மா, வெறக எடுங்கம்மா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். தெருவே திரண்டு அவருக்கு முன்னால் ஓடி ஓடி விறகை வாரி வெளியே வீசியது. எந்த வீட்டுக் கழிப்பறை எப்போது தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்? மத்தியானத்துக்குள் காலனியில் எந்தக் கழிப்பறையிலும் ஒரு சுள்ளிகூட மிச்சமில்லை. எந்தப் பயிற்சியாளராலும் நடக்காத காரியத்தை அந்த ஒரு வயிறு முடித்துவைத்தது. சாயங்காலம் கண் சொருகிப்போய்ச் செல்வி வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தவர், “கக்கூசுல காத்தோட்டம் நல்லாக் கீதுப்பா, எஞ்சினியராண்ட சொல்லு” என்றார்.

இப்போது அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் செல்வி வீட்டுப் பக்கம் போனேன். முன்கதவு திறந்திருந்தது. நிலைப்படி ஆணியில் விசில் தொங்கியது.

“இன்னுமா வாட்ச்மேன் வேலை?” என்றேன்.

“அந்த மனுசன் வந்து நிறுத்தினாத்தானே சார் நிக்கும்? எப்ப வருவாருன்னு கேட்டுச் சொல்லு. இந்தத் தடவ பாலு குடுக்க மாட்டேன், டிகாஷனே போட்டுத் தரேன்.”

ஆபீசுக்குத் திரும்பி வந்து போன் போட்டேன். செல்வி சொன்னதைச் சொல்ல வாயெடுத்தவன், “சார், எப்ப வர்றீங்க?” என்று என் கணக்கிலும் சேர்த்துக் கேட்டேன்.