படுத்தால் போய்விடும் தலைவலி பற்றி அண்ணிக்கு

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணி அவர்களுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு முதலில் மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் தூங்கினாள், உங்கள் தம்பி அவளுக்கும் முன்பே தூங்கிவிட்டார். பென்சிலில் எழுதுவதற்கும் சேர்த்து மன்னியுங்கள். மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதினால் பேனாவில் மை இறங்குவதில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் பேச்சின் நடுவில் துண்டித்தது நான்தான், அதன் பிறகு என் அழைப்பை நீங்கள் எடுக்காததில் நியாயம் இருக்கிறது. அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான்: நான் நடிக்கவில்லை. படமே கிடைத்துவிட்டது. நகல் இத்துடன் இருக்கிறது, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை அண்ணி. அடுப்படியில் நின்றால் யாரோ பின்மண்டையைப் பிடித்துக் கீழே இழுக்கிற மாதிரி வலி, படுத்த ஐந்தாவது நிமிடம் சுத்தமாக இல்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். "எழுந்தா வலி, படுத்தா போச்சா? அந்த வியாதி எங்க கிடைக்கும்னு கேட்டுச் சொல்லு, எனக்கும் ஒண்ணு வேணும்" என்று அன்று போனில் சொன்னீர்களே, எனக்கே சிரிப்பு வந்தது, துண்டித்த பிறகுதான் அழுதேன். முதல் இரண்டு டாக்டர்களிடமும் அதே கதை. உட்கார முடியாமல் வெளியே பெஞ்சில் படுத்துவிடுவேன், என் முறை வரும்போது வலி போயிருக்கும், "இப்ப எப்படி இருக்கு?" என்பார், பொய் சொல்ல வராமல் "நல்லா இருக்கு டாக்டர்" என்பேன், அவரும் சந்தோஷமாகச் சத்து மாத்திரை எழுதித் தருவார். மூன்றாமவர்தான் என்னைச் சுவரோரம் அரை மணி நேரம் நிற்கவைத்துப் பார்த்தார். தலையை ஸ்கேன் எடுத்ததில் மூளை கொஞ்சம் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. மூளையும் தண்டுவடமும் ஒரு நீருக்குள் மிதக்கின்றனவாம், முதுகில் எங்கோ உறை கிழிந்து அந்த நீர் கசிகிறதாம். எங்கே என்பதுதான் முதுகு ஸ்கேனில் தெரியவில்லை.

கசிவு என்றதும் உங்கள் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வருடமாக மாடி வீடுகளில் குழாய்க் கசிவு கண்டுபிடிக்கிற மனுஷன் அல்லவா.

"சார், கலர் தண்ணி விட்டுப் பாத்தீங்களா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதைத்தாங்க செய்யப் போறோம்."

அதோடு சரி, நோயாளி என்று ஒருத்தி அங்கே இருப்பதையே இருவரும் மறந்துவிட்டார்கள். இடுப்பில் ஊசி குத்தி, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை ஏற்றி, மேஜையைச் சாய்த்து, அது ஓட ஓடப் படம் எடுப்பார்கள். மருந்து நீரைவிடக் கனம், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறோமோ அந்தப் பக்கந்தான் இறங்கும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு பக்கம். முதல் நாள் இடது. ஒன்றுமே இல்லை. அண்ணி சொன்னதுதான் சரியோ என்று எனக்கே தோன்றிவிட்டது.

மறுவாரம் வலது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டாக்டர், படம் எடுக்கிற அம்மா, கெஞ்சிக் கூத்தாடி உள்ளே நுழைந்துவிட்ட உங்கள் தம்பி. "மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா, துளியும் அசையக் கூடாது" என்று சொன்ன அந்த அம்மா மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"சார், அந்த ஜாயிண்ட்ட லேசா ஒரு தட்டு தட்டிப் பாக்கலாமா?"

"அது உங்க சம்சாரத்தோட முதுகுங்க."

நான் என்ன செய்வேன், சொல்லுங்கள். சிரித்தால் படம் கெட்டுவிடும். பல்லைக் கடித்து, வயிற்றை முறுக்கி, முக்கி முக்கி அடக்கினேன். "அப்படியே இருங்க, அப்படியே இருங்க, அந்தா இறங்குது பாருங்க" என்றார் டாக்டர். அடக்கிய அடக்கில் உள்ளே அழுத்தம் ஏறி, மருந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டதாம். பத்தாவது முதுகெலும்புக்குப் பக்கத்தில், வெள்ளை நூல் மாதிரி. எனக்குக் கண்ணீர் கொட்டியது. "வலிக்குதாம்மா?" என்று அந்த அம்மா ஓடி வந்தார். "இல்லக்கா, நிஜமாவே இருக்குல்ல, அதான்" என்றேன். முதுகில் ஓட்டை இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

இருபத்தைந்தாம் தேதி, என் கையிலிருந்தே ரத்தம் எடுத்து அந்த இடத்தில் செலுத்தி ஒட்டுப் போடுகிறார்கள். பிறகு ஆறு வாரம் குனியக் கூடாது, எதையும் தூக்கக் கூடாது. இதற்காக நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். உங்கள் தம்பி எல்லாம் பார்த்துக்கொள்வார். நேற்றுகூட மூன்று டயப்பர் மாற்றினார், அதில் ஒன்று கசியவில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிட்டு வாசியுங்கள். படத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை இரண்டு நாளாகக் கட்டிலைப் பிடித்து எழுந்து நின்று என்னிடம் கை நீட்டுகிறாள், நான் படுத்தபடி அவள் காலை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். என்னை விட்டால் அவள் அழாமல் ஏறுகிற இடுப்பு உங்களுடையது ஒன்றுதான். இருபத்தைந்துக்கு முன்னால் வர முடியுமா அண்ணி? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.