அஹமது கபீரின் நாலு குருவிகள்

இனிமேல் இந்த வீட்டில் தூசிக்கு இடமில்லை என்று ஒரு நாள் காலையில் அஹமது கபீர் அறிவித்தார்.

அறிவிப்பைக் கேட்க வீட்டில் ஓர் ஆள்தான் உண்டு. அவர் மனைவி சஃபியா. அவள் கையில் அப்போது விளக்குமாறு இருந்தது.

"அப்ப இதைக் கொல்லையில தூக்கிப் போட்டுடட்டுமா?" என்றாள்.

"விளையாட்டு இல்ல சஃபியா. நீ பெருக்கறப்ப கேமரா இருக்கற ரூம் கதவு சாத்தியிருக்கணும். சாம்பிராணிப் புகை கூடத்தைத் தாண்டக் கூடாது. மிளகா வறுக்கறதா இருந்தா எனக்கு முன்கூட்டியே தகவல் வரணும்."

"வாயால சொன்னா போதுமா, மைக் கட்டிச் சொல்லணுமா?"

கபீர் குவைத்தில் ஒரு கம்பெனிக் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்து, ஓய்வு பெற்றுக் குடவாசலுக்குத் திரும்பியவர். அங்கே ஒரு திருகாணி குறைந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்கு வந்தபின் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாமல் சஃபியாவின் அஞ்சறைப் பெட்டியை எண்ண ஆரம்பித்தார். அத்தா சும்மா இருந்தால் அம்மாவுக்கு ஆபத்து என்று புரிந்துகொண்ட மகன் ஹம்தான், ஷார்ஜாவிலிருந்து ஒரு கேமராவை அனுப்பிவைத்தான். லென்ஸைக் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா. வந்த நாளிலிருந்து அது கபீருக்குக் கைக்குழந்தை. மெத்தென்ற துணியில் சுற்றி வைத்தார். யார் கையிலும் கொடுக்கவில்லை.

சஃபியாவுக்கும் அதன்மேல் ஓர் ஆசை. தான் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற வட்டிலாப்பத்தைச் சுடச்சுடப் படம் எடுத்து மகனுக்கு அனுப்ப வேண்டும்.

"ஒரே ஒரு படங்க."

"ஆவி பட்டுடும். லென்ஸுக்குப் பின்னால சென்சார்னு ஒரு சில்லு இருக்கு. படம் வந்து விழற இடம் அதுதான். அதுல ஒரு தூசி ஒட்டிச்சுன்னா எடுக்கற படத்துல எல்லாம் அதே இடத்துல கறை விழும். பொம்பளைங்க கை படற சாமான் இல்ல இது."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சஃபியா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். "சரி. எம்மால அதுல தூசி விழுந்தா நான் அது பக்கமே திரும்பல. உங்களால விழுந்துச்சுன்னா கேமரா என் பீரோவுக்குள்ள போயிடும். சாவி என் இடுப்புல இருக்கும். சம்மதமா?"

"சம்மதம்" என்று கபீர் உடனே சொன்னார். தன் கைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

தை மாதம் சம்பா அறுவடை வந்தது. வீட்டுக்குப் பின்னால் அவருடைய வயல். குத்தகைக்குப் பார்ப்பவர் துரைக்கண்ணு. அறுவடை மிஷின் இறங்குகிறது என்று அவர் குரல் கொடுத்ததும் கபீர் கேமராவோடு ஓடினார். வரப்பில் ஏறி நின்றார். தூரத்துக் கொக்குகளை எடுக்க வேண்டுமென்று தோன்றியது. அதற்கு நீள லென்ஸ் வேண்டும். இருந்த லென்ஸைக் கழற்றினார்.

அந்த நேரம் பார்த்து மிஷின் திரும்பியது. கக்கிய வைக்கோலும் பதரும் சுணையும் புகை மாதிரி எழுந்து வந்து கபீரை மூடின. துரைக்கண்ணு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். கேமரா வாயைத் திறந்துகொண்டு நின்றது. புழுதி அடங்கியதும் லென்ஸை மாட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை வயலையும் துரைக்கண்ணுவையும் எடுத்தார்.

அன்று இரவு கூடத்து டிவியில் படங்களை ஓட்டிக்காட்டினார். பழுத்த வயல், அதற்கு மேலே பெரிய நீல வானம். சஃபியா அருகில் போய்ப் பார்த்தாள்.

"வானத்துல என்னங்க அது, சாம்பல் கலர்ல நாலு?"

கபீரின் கண் தானாகப் பீரோவின் பக்கம் போனது.

"குருவி" என்றார்.

"குருவியா?"

"தகைவிலான். தை மாசம் வயல் மேல பறக்குமே, அது."

"உருண்டையா இருக்கே. றெக்கையைக் காணோம்?"

"குளிருக்கு மடக்கி வச்சிருக்கு."

"பறக்கறப்பவா?"

கபீர் அடுத்த படத்துக்குத் தாவினார். துரைக்கண்ணு வரப்பில் நின்று சிரித்தார். அவர் தலைக்கு மேலே அதே நாலு. அதற்கு அடுத்தது சாயங்கால வானம். அதிலும் அதே இடத்தில் அதே நாலு.

"காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் அசையாம நிக்குதுங்களே. பாவம், கால் வலிக்காது?"

"காத்து எதிர்ல அடிச்சா அப்படித்தான் நிக்கும்."

"சரிங்க" என்றாள் சஃபியா. பால் காய்ச்சப் போய்விட்டாள்.

அந்தச் 'சரிங்க'வை கபீர் நம்பினார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனிதர் நம்பியிருக்கக் கூடாது.

மறுநாள் சஃபியா தெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தபோது கதவைத் தாழ் போட்டுக்கொண்டு போனில் வீடியோ பார்த்தார். வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும் என்றது வீடியோ. ரப்பர் ஊதுகுழலால் காற்றடி, அதற்கும் போகாவிட்டால் ஸ்பிரிட் கலந்த திரவத்தைத் துடைப்பானில் லேசாக நனைத்துத் துடை என்றது. ஆன்லைனில் வரவழைக்கலாம். ஆனால் கூரியர்காரர் வாசலில் வந்து கூப்பிடுவது எப்போதும் "சஃபியா அம்மா" என்றுதான்.

வீட்டில் ஸ்பிரிட்டுக்கு எங்கே போவது? அலமாரியைத் திறந்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது பூசிக்கொள்ளும் அத்தர் பாட்டில் கண்ணில் பட்டது. இவ்வளவு மணக்கிற பொருள் ஸ்பிரிட் இல்லாமலா மணக்கும்? காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்தார். ஒரு சொட்டு விட்டார். படத்தில் தூசி மேல்பக்கம்தானே தெரிகிறது என்று சென்சாரின் மேல்பக்கத்தில் பதமாகத் தடவினார்.

தடவி முடித்த பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைப் படித்தார். 'ஆல்கஹால் அறவே இல்லாதது. சுத்தமான எண்ணெய்.' குவைத் கடையில் இந்த வாசகத்தைக் காட்டச் சொல்லிக் கடைக்காரரைப் படாதபாடு படுத்தி வாங்கியவரே அவர்தான்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. கேமராவுக்குள் படம் தலைகீழாகத்தான் விழும். மேலே தெரிகிற தூசி கீழே உட்கார்ந்திருக்கும். ஆகவே நாலு குருவிகளும் கீழ்ப்பக்கம் சௌக்கியமாக இருந்தன. மேல்பக்கம் அத்தர் புதிதாகக் குடியேறியது.

உலர்ந்த பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூடத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தார். ஒரு புள்ளி இல்லை! கபீர் அல்ஹம்துலில்லாஹ் என்றார். வெளிச்சம் குறைந்த இடத்தில் லென்ஸின் கண் அகலத் திறந்துகொள்ளும், அப்போது தூசி தெரியாது, வெயிலில் கண் சுருங்கும்போதுதான் எழுந்து வரும் என்று வீடியோவின் பிற்பகுதியில் சொல்லியிருந்தார்கள். அவர் முற்பகுதியோடு நிறுத்திவிட்டார்.

சஃபியா திரும்பி வந்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, கேமராவுக்கு இன்னைக்கு நிக்காஹ்வா? மாப்பிள்ளை வாசம் அடிக்குதே."

"கைல பட்டிருக்கும்."

"சரிங்க."

இரண்டாவது 'சரிங்க'வையும் கபீர் நம்பினார்.

பங்குனியில் தரங்கம்பாடியிலிருந்து அவருடைய அக்காள் ஜொஹரா போன் செய்தாள். லாத்தா என்றுதான் கூப்பிடுவார். பேத்தி ரிஃப்கா குர்ஆனை முழுசாக ஓதி முடித்துவிட்டாள், வீட்டில் விருந்து, நீதான் வந்து படம் எடுக்க வேண்டும் என்றாள். கபீருக்குப் போக ஆசை. ஆனால் ஒரு பெருநாளன்று சஃபியாவின் வட்டிலாப்பத்தை ஒரு வாய் வைத்துவிட்டு லாத்தா, "முட்டை வாடை தூக்குது" என்று சொல்லியிருந்தாள். அதிலிருந்து பெண்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. போக வேண்டாம் என்று சஃபியா சொன்னதே கிடையாது. "போனா எங்கிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றுதான் சொல்லியிருந்தாள். கபீருக்குப் போவது சுலபம். சொல்வதுதான் கஷ்டம்.

"நம்ம கொல்லையில கட்டியிருக்கற ஆட்டுக்குக் கழிச்சல் நிக்கல. ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போய் மருந்து கேட்டுட்டு வர்றேன்" என்றார்.

"கேமரா எதுக்குங்க?"

"ஆட்டைப் படம் எடுத்துக் காட்டணுமில்ல, டாக்டர்கிட்ட?"

"சரிங்க."

ஒரத்தநாடு மேற்கே. தரங்கம்பாடி கிழக்கே. கபீர் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினார்.

கிடங்கு காத்தவர் அல்லவா, ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டார். கடற்கரையில் ரிஃப்காவைக் கோட்டை முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். திரும்புவதற்குமுன் செருப்பிலிருந்த மணலைத் தட்டிக் கழுவினார். மூக்குக் கண்ணாடியில் படிந்த உப்பைத் துடைத்தார். பிரியாணியை மறைக்க ஏலக்காய் மென்றார். வரும் வழியில் ஆட்டுக்கு மருந்தும் வாங்கிக்கொண்டார். லாத்தாவிடம், "யாராவது கேட்டா காரைக்கால் போட்டோகிராபர் எடுத்தாருன்னு சொல்லிடு" என்று சத்தியம் வாங்கினார். ஆள்மேல் ஒட்டுகிற எல்லாவற்றையும் துடைத்தாயிற்று. கேமராவுக்குள் ஒட்டியது மட்டும் ஞாபகம் வரவில்லை. அதைத்தான் அத்தர் போட்டுச் சுத்தம் செய்தாயிற்றே!

மறுநாள் லாத்தாவின் மருமகள் தஹ்மீனா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் போட்டாள். 'காரைக்கால் போட்டோகிராபர் எடுத்தது' என்று ஒரு வரியும் சேர்த்திருந்தாள்.

"என்னங்க, இங்க வாங்களேன்" என்று சஃபியா கூப்பிட்டாள். "காரைக்கால்காரரு நல்லா எடுத்திருக்காரு."

"அப்படியா?" என்று கபீர் முதல் தடவை பார்ப்பவர் போலக் கழுத்தை நீட்டினார்.

"புள்ள என்னா அழகா இருக்கா. கோட்டையும் அழகு. வானமும் அழகு. நம்ம குருவிங்க நாலும் வந்திருக்கு பாருங்க."

கபீர் பார்த்தார். கோட்டைக்கு மேலே நாலும் நின்றன.

"தகைவிலான் எல்லா ஊருக்கும் போகும்" என்றார்.

"போகட்டுங்க. அதே வரிசையிலயா? ரெண்டு சேர்ந்து மேல, ஒண்ணு ஓரத்துல, ஒண்ணு கோவிச்சுக்கிட்டுத் தனியா. நம்ம துரைக்கண்ணு தலைக்கு மேல நின்ன மாதிரியே நிக்குதே."

"பழக்க தோஷம்."

"கீழ மணல்ல மங்கலா வட்டமா ஒண்ணு கிடக்கே. அது என்ன?"

"ஆமை."

"அத்தர் பூசின ஆமையா?"

சஃபியா போனைக் கீழே வைத்தாள்.

"நீங்களே ஒரு முடிவு சொல்லிடுங்க. குருவின்னா, நம்ம வயக்காட்டுக் குருவி நீங்க ஒரத்தநாடு போன அன்னைக்கு எதுக்குத் தரங்கம்பாடிக்குப் போச்சு? தூசின்னா, எந்தக் கேமராத் தூசி?"

கபீர் இரண்டு பக்கமும் பார்த்தார். இரண்டு பக்கமும் பூட்டியிருந்தது.

"தூசி" என்றார்.

"எதுல?"

"நம்ம கேமராவுல."

"யாரு போட்டது?"

"காத்து."

"காத்துக்கு லென்ஸைக் கழட்டிக் குடுத்தது யாரு?"

"நான்தான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? லாத்தா வீட்டுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா ஒரு தூக்கு வட்டிலாப்பமே குடுத்து அனுப்பியிருப்பேன். வாடை அடிக்குதான்னு இன்னொரு தடவை பார்க்கட்டுமேன்னு."

பிறகு எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள். கபீர் கேமராவைத் துணியில் சுற்றினார். பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்புகிற முகத்தோடு இரண்டு கையாலும் நீட்டினார்.

சஃபியா அதை வாங்கவில்லை. புடவை அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன நீலப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ரப்பர் ஊதுகுழல், உறை பிரிக்காத துடைப்பான்கள், ஒரு குட்டி பாட்டில் திரவம். வீடியோவில் பார்த்த அத்தனையும் இருந்தன.

"இது எப்ப வந்தது?"

"நீங்க குருவி காட்டின மறுநாளே படத்தை ஹம்தானுக்கு அனுப்பினேன். அம்மா, அது தூசி, மேல தெரிஞ்சா கீழதான் இருக்கும், அத்தாவை எதையும் தடவ விடாதீங்கன்னான். மாசியில லீவுக்கு வந்த அவன் கூட்டாளி சேக் தாவூது கையில இதைக் குடுத்து விட்டான். எப்படித் துடைக்கணும்னு வீடியோ கால்ல எனக்குக் காட்டியும் குடுத்தான்."

கபீருக்குக் கோபம் வந்தது. அந்த வீட்டில் அது அபூர்வமாக வரும் விருந்தாளி.

"அப்ப மாசி மாசத்துல இருந்து இது உன் பீரோவுல இருக்கு! என்னைக் குருவி, ஆமைன்னு புலம்ப விட்டுட்டு வேடிக்கை பார்த்திருக்கே. வந்த அன்னைக்கே சுத்தம் பண்ணியிருக்கலாமில்ல?"

சஃபியா மறுபடி போனை எடுத்து வேறொரு படத்தைக் காட்டினாள். கபீரின் சிநேகிதர் ஷேக் பரீத் தன் புதுப் பரோட்டாக் கடை வாசலில் மாலையோடு நின்றார். பெயர்ப் பலகைக்கு மேலே நாலு குருவி. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆமை.

"இது நீங்க வெறும் வயித்தோட சுகர் டெஸ்ட்டுக்குப் போன அன்னைக்கு எடுத்தது" என்றாள்.

கபீரின் கோபம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போனது.

சஃபியா நீலப் பெட்டியை எடுத்துப் புடவைகளுக்குப் பின்னால் திரும்ப வைத்தாள். பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கேமராவை அவர் பக்கமே பத்திரமாகத் தள்ளினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். சுத்தம் பண்ணிட்டா, நீங்க எங்கெங்க போறீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"