நூற்றொன்பது சிவப்பு ரிப்பன்கள்

அண்ணே, கிடைச்சிருச்சுண்ணே, மஞ்சளே அடிக்காத வெண்டை, அதுவும் ஒரு சொட்டு மருந்து இல்லாம, ஒண்ணு ரெண்டு இல்ல பதினோரு செடி, ஆத்தூர்ல, எங்க தோட்டத்துல, என் கையால!

பெருமதிப்பிற்குரிய சேக் பரீது அண்ணன் அவர்களுக்கு, உங்கள் 'பரீது தோட்டம்' சேனலை முதல் வீடியோவிலிருந்து பார்த்துவரும் கௌசல்யா மலைச்சாமி எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தாவும் அம்மாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை லைவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் ஆசை. மேலே இருக்கும் வரியைப் புரட்டாசி மாதமே எழுதி வைத்தேன். இப்போது மார்கழி. அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டு மீதியை எழுதுகிறேன்.

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு கமெண்ட் போட்டிருக்கிறேன், ஒன்றே ஒன்றுக்கு இதயம் வந்தது, அதுவும் கைதவறிப் பட்டதாக இருக்கலாம். பி.காம். முடித்தவள். விவசாயம் உங்களிடமும் உங்களைப் போன்ற இன்னும் நாலு பேரிடமும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கற்றுக்கொண்டது. எங்கள் அப்பா மலைச்சாமி வாய்க்காலுக்குத் தெற்கே அரை ஏக்கரில் வெண்டை போடுகிறவர். வெண்டைக்கு மஞ்சள் நோய் வந்தால் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காய் வெளுத்துச் சுருங்கி, எடை போட ஆள் இல்லாமல் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கொல்ல அப்பா வாரம் ஒரு முறை மருந்து அடிப்பார். மருந்தே வேண்டாம், நோயைத் தாங்கும் செடியைத் தேடிப்பிடித்து அதிலிருந்து விதை எடுப்போம் என்று நான் சொன்னேன். ஒரு வாரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துச் சொன்ன பிறகு அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "ரெண்டு சென்ட் தாரேன். நீ என்னமும் பண்ணு, நான் மருந்து டேங்கைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் வரமாட்டேன். தைக்குள்ள மருந்தில்லாம நின்ன செடியோட விதை ஒரு கைப்பிடி காட்டு, அரை ஏக்கரும் உனக்கு. இல்லைன்னு வையி, திண்டுக்கல்லுல பேங்க் பரிச்சை வகுப்புக்குப் பணத்தைக் கட்டிருவேன், பேசாம போயிரணும்." நானும் சரி என்றேன்.

ஆவணியில் மூன்று ஊர் விதையைக் கலந்து நூற்றிருபது செடி போட்டேன். நோய் வராத இடத்தில் எது தாங்கும் எது தாங்காது என்று எப்படித் தெரியும், நோயைக் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, அதனால் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய், "நல்லா மஞ்சளடிச்ச செடி இருந்தா ரெண்டு குடுங்க, மண்ணோட பிடுங்கிக்கிறேன்" என்று கேட்டேன். கீழத்தோட்டத்துச் சடையாண்டி மாமா மூன்று செடி கொடுத்தார், கொடுத்த கையோடு டீக்கடைக்குப் போய் "மலைச்சாமி மக வீடு வீடா வந்து நோய் கேக்குதுப்பா" என்று சொல்லிவிட்டார். அப்பா நாலு நாள் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போகவில்லை. அந்த மூன்று செடியையும் தொட்டியில் வைத்து நடுவில் நிறுத்தினேன். வெள்ளை ஈ குடும்பத்தோடு வந்தது. ஐம்பதாம் நாள் எண்ணிப் பார்த்தபோது நூற்றொன்பது செடி மஞ்சள், பதினொன்று பச்சை. அன்றைக்குத்தான் அந்த முதல் வரியை எழுதினேன்.

இங்கேதான் ரிப்பன் வருகிறது. நோய் வந்த செடியில் தவறியும் விதை எடுத்துவிடக்கூடாது, அதற்குச் சிவப்பு அடையாளம் போடுங்கள், நல்ல செடியைத் தொடாமல் விடுங்கள் என்று ஒரு வெளிநாட்டு வீடியோவில் பார்த்தேன். (உங்கள் வீடியோ இல்லை, மன்னிக்கவும்.) திண்டுக்கல் போய் ரிப்பன் சுருள் வாங்கிவந்து நூற்றொன்பது மஞ்சள் செடிக்கும் கட்டினேன். பள்ளிக்கூட ஆண்டு விழா மாதிரி இருந்தது. கட்டி முடித்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல், ஐந்தாம் நாள் கண் மஞ்சள், காமாலை. டாக்டர் எட்டு வாரம் அசையாமல் கிடக்கச் சொல்லித் திண்டுக்கல் அத்தை வீட்டில் போட்டார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர், வெண்டைச் செடியிடம் அவ்வளவு நேரம் நின்றால் ஒட்டத்தானே செய்யும் என்று அத்தையிடம் விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் எதிர்ப்புத் திறனைப் பற்றி வகுப்பெடுக்கும் நிலையில் இல்லை.

வீடியோ காலில் தினமும் அப்பாவிடம் கேட்பேன். "ரிப்பன் எல்லாம் அப்படியே இருக்காப்பா?" "இருக்கு தாயி, ஒண்ணுகூட அவுரல." நிம்மதியாகத் தூங்குவேன். பச்சைச் செடியில் காய் முற்றிக் காய்ந்துகொண்டிருக்கும் என்று கனவில்கூட வந்தது. கடைசி இரண்டு வாரம் "விதை எடுத்தாச்சு தாயி" என்றார், பச்சைச் செடியில்தான் எடுத்திருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்க வருகிறவர் செபாஸ்தியம்மாள் அக்கா. முப்பது வருடமாக வெண்டை பறிக்கிறவர். எங்கள் பக்கத்தில் எந்தச் செடியில் துணி கட்டியிருந்தாலும் அது விதைக்கு விட்டது, தொடக்கூடாது என்று அர்த்தம். கத்தரி, பூசணி, பீர்க்கு எல்லாவற்றுக்கும் அதுதான். எனக்கும் தெரியும். ஆனால் கட்டும்போது எனக்கு வீடியோதான் ஞாபகத்தில் இருந்தது, வீடு ஞாபகத்தில் இல்லை. அக்கா வந்து பார்த்திருக்கிறார். நூற்றொன்பது செடியில் துணி, பதினொன்றில் இல்லை. அந்தப் பதினொன்றையும் ஒரு பிஞ்சு விடாமல் ஆறு வாரம் பறித்திருக்கிறார். அப்பா வாரம் மூன்று நாள் அதைத்தான் வெஞ்சனம் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார், மிச்சம் மற்ற காயோடு சேர்ந்து மூட்டையில் ஏறிச் சந்தைக்குப் போய்விட்டது. ரிப்பன் கட்டிய செடிகளில் காய் முற்றிக் காய்ந்து வெடிக்கிற பக்குவத்தில் பறித்து, உரித்து, வேப்பிலை போட்டுக் கட்டிவைத்துவிட்டார். விதை எடுத்தாயிற்றே என்று அப்பா மொத்தத்தையும் உழுது கொத்தமல்லி விதைத்துவிட்டார்.

நான் வந்து இறங்கியதும் அரைக் கிலோ விதையை அக்கா என் மடியில் போட்டார். "ஏ புள்ள, உன் நோயில விதை வீணாப் போயிரக்கூடாதுன்னு ஒண்ணுவிடாம எடுத்து வச்சிருக்கேன்."

"எதுல எடுத்தீங்கக்கா?"

"துணி கட்டுனதுலதான். வேற எதுல எடுப்பாக?"

"அதெல்லாம் நோய் வந்த செடிக்கா! அம்புட்டும் மஞ்சளா இருந்துச்சே, சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. இம்புட்டு சீக்குச் செடியவா விதைக்கு விடுவாகன்னு நினைச்சேன். படிச்ச புள்ள, போன்ல பாத்துக் கட்டியிருக்கு, நமக்குத் தெரியாத காரணம் ஏதாச்சும் இருக்கும்னு விட்டுட்டேன்."

அண்ணே, நான் தோட்டத்துக்குப் போய்க் கொத்தமல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாக முளைத்திருந்தது. அப்பாவோ வகுப்புக்கான விண்ணப்பத்தை வாங்கிவந்து அலமாரியில் வைத்திருக்கிறார், போட்டோ மட்டும்தான் ஒட்டவேண்டும். தைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

ஆகவே உங்கள் மூன்று லட்சம் பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள் வைப்பீர்களா? ஐப்பசி, கார்த்திகையில் திண்டுக்கல் பக்கம் வெண்டைக்காய் வாங்கி, நுனியை உடைத்துப் பார்த்து, உடையாத முற்றின காயைக் கொல்லையில் தூக்கி எறிந்தவர்கள் யாராவது இருந்தால், பாத்திரம் கழுவுகிற இடத்தில் வெண்டைச் செடி ஏதாவது முளைத்து மஞ்சளில்லாமல் நின்றால், தயவுசெய்து பிடுங்காமல் எனக்குச் சொல்லட்டும். அது என் பதினொன்றில் ஒன்றின் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் மாடித்தோட்டத்துக்கு நல்ல மழையும் உங்கள் சேனலுக்கு இன்னும் ஒரு லட்சம் பேரும் வந்து சேரட்டும். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு, மனம் உடைந்தாலும் சேனலை அன்சப்ஸ்கிரைப் செய்யாத
கௌசல்யா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை ஒரு தடவை சத்தமாகப் படித்தேன். அப்பாவும் செபாஸ்தியம்மாள் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினொன்றின் பிள்ளை என்ற இடம் வந்ததும் அப்பா எழுந்து துண்டை உதறினார், திரும்ப உட்கார்ந்தார்.

"தாயி, அந்த இடத்தை எடுத்துரு."

"ஏம்ப்பா?"

"அந்தப் பதினொண்ணும் மோட்டார் ரூம் ஓரத்து வரிசை. அதுக்கு நான் மருந்து அடிச்சேன்."

அப்பாவே தொடர்ந்து சொன்னார். "நீ விடியக்காலம் எந்திரிச்சு, ஒவ்வொண்ணா மஞ்சளாகுறத எண்ணிக்கிட்டு நின்ன. பாக்க முடியல. ஒரு வரிசையாச்சும் பச்சையா நின்னா நீ ஜெயிச்சுருவன்னு, நீ குளிக்கப் போற நேரம் டேங்கைத் தூக்குனேன்."

நான் ஜெயிக்க வேண்டும் என்று என் பந்தயத்திலேயே அப்பா திருட்டாட்டம் ஆடியிருக்கிறார். ஒரு வரிசை முழுக்க ஒழுங்காகப் பச்சையாக நின்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். நான் அழலாமா சிரிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அக்கா குறுக்கே வந்தார்.

"அப்ப, மருந்தே படாம நின்னது எதுண்ணே?"

"துணி கட்டுனதுதான்."

"அதுல எடுத்ததுதானே இந்த விதை? அப்புறம் என்னத்துக்கு இந்தப் புள்ள மூக்கைச் சிந்துது?" என்று மடியிலிருந்து தனியாக ஒரு முடிச்சை எடுத்து வைத்தார். "மத்த செடியெல்லாம் ரெண்டு காய், மூணு காய்க்கு மேல தாங்கல. ஒரு செடி மட்டும் மஞ்சளா நின்னுக்கிட்டே பதினாலு காய் காச்சுச்சு, காயும் நேரா இருந்துச்சு. கலக்க மனசு வராம தனியாக் கட்டி வச்சேன். கேப்பீகன்னு பாத்தேன், நீ வந்ததுலருந்து என்னைய ஏசிக்கிட்டே இருந்த."

அவிழ்த்துப் பார்த்தோம். அப்பாவின் கைக்குச் சரியாக ஒரு கைப்பிடி. மருந்தில்லாமல் நின்ற செடி. மஞ்சளடிக்காத செடி என்று அவர் கேட்கவே இல்லை, நான்தான் அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா விதையை விரலால் கிளறிவிட்டு, "பேச்சு மாறுனது நானு. அரை ஏக்கர் உனக்குத்தான்" என்றார். விண்ணப்பத்தின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதில் பாத்திக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆகையால் அண்ணே, மேலே எழுதிய முதல் வரி பொய், வேண்டுகோளும் தப்பு, இரண்டையும் மறந்துவிடுங்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் யாரும் எதையும் தேட வேண்டாம். பதிலாக இதைச் சொல்லுங்கள்: மஞ்சளடித்தும் விடாமல் காய்க்கிற வெண்டைச் செடி யார் தோட்டத்தில் நின்றாலும் பிடுங்காமல், ஒரு துணியைக் கட்டி முற்றவிட்டு, பத்து விதை எனக்கு அனுப்பட்டும். ஆத்தூர், திண்டுக்கல் மாவட்டம் என்று போட்டால் வந்துவிடும். வீடியோவை எல்லா குரூப்பிலும் போடச் சொல்லுங்கள். பாசமான அப்பாக்கள் இருக்கிற குரூப்பில் மட்டும் வேண்டாம்.