ஈரக்கொலையனுக்கு உரிய மரியாதை

இரண்டு பேர் கொலையாகும்வரை அது சாதாரண ஊராகத்தான் இருந்தது. மூன்றாவது ஆளும் அதே மாதிரி, தனியாகக் குடியிருந்த வீட்டின் சமையலறையில், கழுத்து நெரிபட்டுக் கிடந்த அன்று ஊரின் அந்தஸ்து உயர்ந்துவிட்டது. இனி இது தொடர்கொலைகாரன் நடமாடும் ஊர்! மேலிடம் போர்க்கால அடிப்படையில் ஒரு சிறப்புப் பிரிவைத் துவக்கியது. குற்றவாளியைப் பிடிப்பதற்கு முன்னேற்பாடாக ஏசி, சுழல் நாற்காலிகள், சுவரை அடைக்கிற வரைபடம், அதில் இங்குமங்கும் இழுத்துக் கட்டச் சிவப்பு நூல் ஆகியவை வாங்கப்பட்டன. படங்களில் அப்படித்தான் இருக்கிறதாம்.

வேலை தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டுமே என்று இன்ஸ்பெக்டரம்மாவையும் அதில் போட்டார்கள். அந்த யோசனை யாருடையது என்று பிற்பாடு விசாரித்தபோது யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதல் கூட்டத்தில் மனோதத்துவ நிபுணர் பேசினார். கறுப்புக் கழுத்துப்பட்டை, கனத்த குரல்.

"மூணு சமையலறையிலயும் தரை ஈரமா இருந்திருக்கு. கவனிச்சீங்களா? ஈரம்னா கண்ணீர். கண்ணீர்னா தாய். இவன் தாய்ப்பாசத்துக்கு ஏங்கின மேதை. இடதுகைப் பழக்கம். ரகசியமா கவிதை எழுதுவான்."

பிரிவுத் தலைவருக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"தண்ணி ஃபில்டர்லேர்ந்து ஒழுகியிருக்கு சார்" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "மூணு வீட்லயும் அன்னைக்குத்தான் ஃபில்டர் ரிப்பேர் பார்த்திருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்களே சொல்றாங்க. அந்த ரிப்பேர்காரர் யாருன்னு தேடலாம்."

நிபுணர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "குழாய் ஒழுகறது வெளியில மேடம். நான் உள்ளுக்குள்ள ஒழுகறதைச் சொல்றேன்."

நிபுணரின் கருத்து அன்றே பத்திரிகையாளர்களுக்கு வழங்கப்பட்டது. ஈரம் இருக்கிறது, கொலை இருக்கிறது. டிவிக்காரர்கள் கொலைகாரனுக்கு 'ஈரக்கொலையன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊருக்கே ஈரக்குலை நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கத்தில் ஒரு குதூகலமும் இருந்தது. வாலிபர்கள் நீர்த்துளி போட்ட பனியனில் திரிந்தார்கள். வலது கையால் டீ குடிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்றாகி, சட்டையெல்லாம் டீயாக இடது கைக்கு மாறினார்கள்.

அடுத்த தெருவில் தனியாக இருந்த நாத்தனார் இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தினமும் போன் செய்தாள்.

"அண்ணி, அவர் கவிதையெல்லாம் எழுதுவாராமே?"

"அவராவது இவராவது! மூணு பேரைக் கொன்னவன்மா அவன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ."

"போட்டுக்கிட்டுதான் டிவி பார்க்கறேன். பாவம், சின்ன வயசுல அன்பே கிடைக்கலையாம்."

இப்படி இருக்கையில் சிறப்புப் பிரிவின் ஃபில்டர் பழுதானது. ரிப்பேர்காரர் ஒருவர் வந்தார். சோப்பு போட்டுத் துடைத்துவிட்ட மாதிரி மனதில் நிற்காத முகம். நிபுணர் காலை மடக்கி அவருக்கு வழிவிட்டார். ஆள் கையைத் தூக்கி மூடியைத் திருகியபோது சட்டைக்கை நழுவி மணிக்கட்டில் ஒரு வாட்ச் தெரிந்தது. ஆண்பிள்ளை வாட்ச், உள்ளே சின்ன ரோஜாப்பூ போட்ட பெண்கள் வாட்ச் முகப்பு.

இன்ஸ்பெக்டரம்மா எழுந்து பக்கத்தில் போனார். மூன்றாவதாகச் செத்தவர் ஒரு கடிகாரக் கடைக்காரர். மனைவி போன பிறகு அவளுடைய வாட்ச் முகப்பைத் தன் வாட்சில் பொருத்திக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் அதைச் சொல்லிச் சொல்லி அழுதது காதிலேயே இருந்தது.

"இந்த வாட்ச் ஏதுப்பா?"

ஆள் ஸ்பேனரை வீசிவிட்டு ஓடினான். வாசலில் வைத்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாய்த்துவிட்டார் இன்ஸ்பெக்டரம்மா. பைக்குள் முதல் இருவரின் சங்கிலிகளும் கிடைத்தன.

"கழட்டிக் குடுங்கன்னு கேட்டேன். கத்தப் பார்த்தாங்க" என்றான் அவன், ஃபில்டர் வாஷர் போனதைச் சொல்கிற குரலில்.

தலைவர் வெளியே வந்து பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"வெறும் திருட்டா? அம்மா மேல கோபம், அந்த மாதிரி எதுவும் இல்லையாப்பா?"

"எங்கம்மா தங்கமானவங்க சார்."

"கவிதை?"

"எழுதப் படிக்கவே தடுமாறும் சார்."

தலைவர் இன்ஸ்பெக்டரம்மாவைத் தனியே அழைத்தார். "என்னம்மா இது? திருட்டுன்னா கேஸ் கீழ் மாடித் திருட்டுப் பிரிவுக்குப் போயிடும். நாமளும் காலி, ஏசியும் காலி. அது போகட்டும், ஃபில்டரை முடிச்சிட்டானா?"

வழக்கு நீதிமன்றம் போயிற்று. அவனுடைய வக்கீல் பிரமாதமாக ஒன்றும் செய்யவில்லை. நிபுணரின் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார், அவ்வளவுதான். "கொலையாளி மேதை, இடதுகைக்காரர், கவிஞர் என்று அரசாங்கமே சொல்கிறது. என் கட்சிக்காரரைப் பாருங்கள். இவரிடம் அப்படி ஏதாவது தென்படுகிறதா?" வாட்சும் சங்கிலிகளும் வாடிக்கையாளர்கள் அன்பாகக் கொடுத்தவையாம். கூண்டேறிய நிபுணரும், "இவரிடம் உள்ளார்ந்த ஈரம் இல்லை" என்று கைவிரித்தார். கோர்ட் அவனை விடுவித்துவிட்டது.

உண்மையான ஈரக்கொலையனைத் தேடச் சிறப்புப் பிரிவு காலவரையறையின்றி நீட்டிக்கப்பட்டது. சம்பந்தமில்லாத ஒருவரைக் கைது செய்து புலனாய்வுக்கு இடையூறு விளைவித்ததற்காக இன்ஸ்பெக்டரம்மாவிடம் விளக்கம் கோரப்பட்டது. அவர் கடிகாரக் கடைக்காரரின் மகளைப் பார்க்கப் போனார். அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அப்பா வாட்சையாவது வாங்கித் தருவீங்களா?" அதையும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டைப் பித்தானைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, தேதி கிடைச்சிருச்சு!"

"என்ன தேதி?"

"அவர்தான், ஃபில்டர்காரர். டிவில வந்ததுலேர்ந்து அவருக்கு ஒரே கிராக்கி. எங்க காலனியிலேயே எல்லார் வீட்டுக்கும் வந்து போட்டோ எடுத்துக்கிட்டாச்சு. நாளைக்குக் காலைல நம்ம வீடு."

"அவனை உள்ளே விடாதே. சொன்னா கேளு. தனியா இருக்கிற வீடு..."

"அவர் அந்த மாதிரி ஆள் இல்லன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. எங்க ஃபில்டர் நல்லாத்தான் ஓடுது, அவருக்காகன்னே கழட்டி வச்சிருக்கேன்."

"அப்படின்னா நான் வந்து உட்கார்ந்துக்கறேன்."

"தாராளமா வாங்க அண்ணி" என்றவள் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா யூனிஃபார்ம்ல மட்டும் வராதீங்க. நீங்க பண்ணினதுக்கே மனுஷர் ரொம்ப நொந்துபோயிருக்காராம்."